சார்ஜ் நிக்கலையா? புது போன் வாங்குறதுக்கு முன்னாடி இந்த ஒரு கணக்கைப் பாருங்க



போன மே மாசம் ஸ்டாக் ஆடிட் வேலையா அரியலூர் போயிருந்தேன். காலைல 6 மணிக்கு 100% சார்ஜோட கிளம்பினேன். குடோன்ல நின்னு போட்டோ எடுக்குறது, வாட்ஸ்அப்ல அனுப்புறது, நடுவுல ரெண்டு மணி நேரம் போன் பேச்சு. சாயங்காலம் 5.30-க்கு பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சின்ன ஓட்டல்ல தோசையும் டீயும் சாப்பிட்டேன். பில் 90 ரூபாய். க்யூஆர் அட்டை கண்ணு முன்னாடி இருக்கு. போனை எடுத்தா செத்துப் போச்சு.

பர்ஸ்ல பார்த்தா ஏடிஎம் கார்டு இருக்கு, ஆதார் இருக்கு, பத்து ரூபாய் நோட்டு ஒண்ணு இருக்கு. கல்லாவுல இருந்த அக்கா என் முகத்தைப் பார்த்துட்டு, "பரவால்ல தம்பி, அடுத்த தடவை வரும்போது குடுங்க"ன்னாங்க. அப்புறம் அவங்களே கல்லாவுக்குப் பின்னாடி இருந்த சார்ஜரையும் நீட்டினாங்க. பத்து நிமிஷத்துல போன் உயிர் வந்துச்சு, காசைக் கட்டிட்டு வந்தேன். கோடிக்கணக்குல பேலன்ஸ் ஷீட் பார்க்குற ஆள், 90 ரூபாய்க்குக் கை பிசைஞ்சுக்கிட்டு நின்னேன்.

இதை ஒரு வீடியோவுல பேச்சுவாக்குல சொன்னேன். மறுநாளே எனக்குத் தெரிஞ்ச பெரம்பலூர் தம்பி ஒருத்தர் போன் பண்ணினார். அரியலூர்ல ஒரு சிமெண்ட் ஆலைக்கு வேலை செய்யுற ஒப்பந்த நிறுவனத்துல லேப் வேலை. கைக்கு வர்ற சம்பளம் 24,000.

"அண்ணே, எனக்கும் இதே கதைதான். 27,000-க்கு ஒரு போன் பார்த்து வச்சிருக்கேன். 9 மாசம், மாசம் 3,000, நோ காஸ்ட் இஎம்ஐ. வாங்கலாமா?"

"இப்ப இருக்குற போன்ல என்ன குறை?"

"சார்ஜ் நிக்கலண்ணே. மத்தபடி ஒண்ணும் இல்ல."

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தக் கட்டுரை. போன்ல தேய்ஞ்சு போனது ஒரே ஒரு பாகம். ஆனா மாத்தப் போறது மொத்தப் போனையும். டயர் தேய்ஞ்சதுக்கு யாராவது புது பைக் வாங்குவாங்களா?

பேட்டரி ஏன் ரெண்டு வருஷத்துல சோர்ந்து போகுது?

உங்க போன்ல இருக்குறது லித்தியம் அயான் பேட்டரி. 1991-ல சோனி நிறுவனம் முதல்ல விற்பனைக்குக் கொண்டு வந்த வகை. இதுக்கான ஆராய்ச்சிக்கு 2019-ல வேதியியல் நோபல் பரிசே கொடுத்தாங்க. நல்ல கண்டுபிடிப்புதான். ஆனா இது தேயுற பொருள்.

தேய்மானத்தை 'சைக்கிள்' கணக்குல அளக்குறாங்க. மொத்தமா 100% சார்ஜ் செலவானா ஒரு சைக்கிள். இன்னிக்கு 60%, நாளைக்கு 40% செலவு பண்ணினா ரெண்டும் சேர்ந்து ஒண்ணு. ஐபோன் 14 வரைக்கும் வந்த மாடல்களுக்கு, 500 சைக்கிள் முடிஞ்ச பிறகும் 80% கொள்ளளவு இருக்குற மாதிரி வடிவமைச்சிருக்கோம்னு ஆப்பிள் சொல்லுது. ஐபோன் 15-லிருந்து அது 1,000 சைக்கிள். ஐரோப்பிய யூனியன்ல 2025 ஜூன் 20-லிருந்து ஒரு விதி அமலுக்கு வந்திருக்கு. அங்க விற்பனைக்கு வர்ற போன்கள்ல 800 சைக்கிளுக்குப் பிறகும் பேட்டரி 80% நிக்கணும்.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. நீங்க ஒரு நாளைக்கு 4,000 எம்ஏஎச் செலவு பண்றீங்க, பேட்டரி 800 சைக்கிள் தாங்கும்னு வச்சுக்குவோம்.

- 4,000 எம்ஏஎச் பேட்டரி: தினமும் 1 சைக்கிள். 800 நாள், அதாவது சுமார் 2.2 வருஷம்.
- 6,000 எம்ஏஎச் பேட்டரி: மூணு நாளைக்கு 2 சைக்கிள். 1,200 நாள், அதாவது சுமார் 3.3 வருஷம்.

பெரிய பேட்டரியோட உண்மையான லாபம் இங்கதான் இருக்கு. வாங்கின முதல் மாசம் ரெண்டு போனும் ராத்திரி வரைக்கும் தாங்கும். வித்தியாசம் தெரியுறது மூணாவது வருஷத்துல. கடைக்காரர் சொல்றது முதல் மாசக் கதை. நீங்க காசு கொடுக்குறது மூணாவது வருஷத்துக்கும் சேர்த்துதான்.

நம்ம ஊரு வெயில் ஒரு தனிச் செலவு

பேட்டரிக்கு சைக்கிளை விடப் பெரிய எதிரி சூடு. ஆப்பிள் தன் பேட்டரிக்கு ஏத்ததா சொல்ற வெப்பநிலை 16 முதல் 22 டிகிரி. சுத்தி இருக்குற வெப்பம் 35-ஐத் தாண்டினா கொள்ளளவு நிரந்தரமா குறையலாம்னு எச்சரிக்குது. பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஏப்ரல், மே மாசத்துல மதியம் 35-க்குக் கீழ இறங்குறதே அபூர்வம். அதுல சுண்ணாம்புக்கல் லாரி ஓடுற ரோட்டுல பைக் ஹேண்டில்ல போனை மாட்டி மேப் போட்டு ஓட்டினா, இல்ல டேங்க் கவர்ல போட்டு வெயில்ல நிறுத்திட்டுப் போனா, என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க.

நம்ம தம்பியோட ஒரு நாளைப் பாருங்க. பெரம்பலூர்லேர்ந்து அரியலூர் சுமார் 30 கிலோமீட்டர். பஸ்ல கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். ஜன்னல் வெளிச்சத்துல திரை தெரியணும்னு பிரைட்னஸ் முழுசா இருக்கு. ரீல்ஸ் ஓடுது. நடுவுல சிக்னல் குறையுற இடத்துல டவரைப் பிடிக்க போன் அதிக சக்தி போட்டுத் தேடும். அப்ப உள்ளேயே சூடாகும். போக வர ரெண்டு மணி நேரம், மாசம் 26 நாள். வீட்டுக்கு வந்ததும் சார்ஜ் போட்டுக்கிட்டே கேம். ராத்திரி தலையணைக்குப் பக்கத்துல சார்ஜர். பேட்டரி பாவம் எங்க போகும்?

அதுக்காக 20-க்குக் கீழ இறங்கக் கூடாது, 80-க்கு மேல ஏறக் கூடாதுன்னு நாள் முழுக்க சதவீதத்தையே பார்த்துக்கிட்டு இருக்க வேண்டாம். நாலு விஷயம் போதும்:

- செட்டிங்ஸ்ல 80% வரை மட்டும் சார்ஜ் ஆகுற வசதி இருந்தா, ஆபீஸ்லயே இருக்குற நாள்ல அதைப் போட்டு வைங்க. வெளியூர் போற நாள் 100% ஏத்துங்க.
- வெயில்லயும் தலையணைக்கு அடியிலயும் போனை வைக்காதீங்க. சார்ஜ் ஏறும்போது கேம் வேண்டாம்.
- பஸ்ல பார்க்குற வீடியோவை வீட்டு வைஃபைலயே டவுன்லோடு பண்ணிக்குங்க. டேட்டாவும் மிச்சம், சார்ஜும் மிச்சம்.
- செட்டிங்ஸ்ல பேட்டரி பகுதிக்குப் போய் எந்த ஆப் எவ்வளவு சாப்பிடுதுன்னு வாரம் ஒரு தடவை பாருங்க. பேங்க் ஸ்டேட்மென்ட் பார்க்குற மாதிரிதான் இதுவும்.

கரண்ட் பில் பத்திக் கவலைப்படாதீங்க. 5,000 எம்ஏஎச் பேட்டரியை ஒரு தடவை முழுசா ஏத்த, சார்ஜர்ல வீணாகுறதையும் சேர்த்து, சுமார் 25 வாட் மணி. வருஷம் முழுக்கத் தினமும் ஏத்தினாலும் 9 யூனிட்தான். யூனிட் 6 ரூபாய்னு வச்சாலும் வருஷத்துக்கு 55 ரூபாய். சார்ஜ் செலவு ஒரு செலவே இல்லை. பேட்டரி தேய்மானம்தான் செலவு.

சரி, கணக்குக்கு வருவோம்

தம்பியோட பழைய போன் 18,000-க்கு வாங்கினது. ரெண்டரை வருஷம் ஆச்சு. ரெண்டு வழியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்ப்போம். விலைகள் உதாரணத்துக்கு. உங்க போனுக்குத் தக்க மாதிரி எண்ணை மாத்திக்குங்க.

வழி 1: புது போன்
- விலை 27,000
- 30 மாசம் கழிச்சு விற்றா கிடைக்குறது 3,000
- உண்மையான செலவு 24,000
- மாசத்துக்கு 800 ரூபாய்

வழி 2: பழைய போன்ல புது பேட்டரி
- பேட்டரியும் கூலியும் 2,000
- இன்னிக்கு பழைய போன் மதிப்பு 3,000, இன்னும் 18 மாசம் ஓட்டினா 1,000 ஆகும். இதுல இழப்பு 2,000
- உண்மையான செலவு 4,000
- 18 மாசத்துக்குப் பிரிச்சா மாசத்துக்கு 222 ரூபாய்

வித்தியாசம் மாசம் 578 ரூபாய். 18 மாசத்துல 10,400 ரூபாய் மிச்சம்.

"பேட்டரி மாத்தி ரெண்டு மாசத்துல வேற ஏதாவது கெட்டுப் போனா?" நியாயமான கேள்வி. பேட்டரி செலவு 2,000-ஐ புது போனோட மாசச் செலவு 800-ஆல வகுங்க. 2.5 வருது. பழைய போன் மதிப்பு இறங்குறதையும் சேர்த்தா சுமார் 3 மாசம். அதாவது, பேட்டரி மாத்தின பிறகு பழைய போன் 3 மாசத்துக்கு மேல ஓடினாலே நீங்க லாபத்துல இருக்கீங்க.

இன்னொண்ணையும் சேர்க்கணும். உங்க பிராண்டோட அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டர் ஊர்ல இல்லைன்னா திருச்சி போகணும். ஒரு நாள் சம்பளம் 800, பஸ், சாப்பாடு 200. செலவு 3,000 ஆகுது. அப்பவும் நாலரை மாசம் ஓடினா போதும். ரெண்டரை வருஷப் போன் இன்னும் நாலரை மாசம் ஓடாதா?

'நோ காஸ்ட்' இஎம்ஐ-ல காஸ்ட் எங்க இருக்கு?

வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கு. நோ காஸ்ட்ல நடக்குறது இதுதான்: வட்டித் தொகையை முன்கூட்டியே தள்ளுபடியா காட்டிட்டு, அதே தொகையைத் தவணையில வட்டியா வாங்கிக்குவாங்க.

27,000 ரூபாய் போன், கிரெடிட் கார்டுல 9 மாசம், வட்டி 16%னு வச்சா, உள்ளே இருக்குற வட்டி சுமார் 1,700. அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி சுமார் 300 உங்க தலையிலதான் விழும். பிராசசிங் கட்டணம் 199-ன்னா ஜிஎஸ்டியோட 235. மொத்தம் 540 ரூபாய் கூடுதல். போன் விலையிலயே 18% ஜிஎஸ்டி இருக்குறதையும் மறக்காதீங்க. 2020 ஏப்ரல் வரைக்கும் அது 12%-ஆ இருந்துச்சு.

540 ரூபாய் பெரிய விஷயம் இல்லைதான். பெரிய விஷயம் வேற. 24,000 சம்பளத்துல மாசம் 3,000-ன்னா எட்டுல ஒரு பங்கு. ஒன்பது மாசத்துக்கு அந்தப் பங்கு உங்களுது இல்லை. நடுவுல ஆலை ஒப்பந்தம் முடிஞ்சாலும், வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லைன்னாலும் தவணை நிக்காது. தவறினா அபராதம், கூடவே சிபில் ஸ்கோர்லயும் அடி. நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போகும்போது இந்தப் போன் தவணை உங்களைக் கேள்வி கேட்கும்.

போன் மெதுவா இருக்கா? அதுவும் பேட்டரியா இருக்கலாம்

2017 டிசம்பர்ல ஆப்பிள் ஒரு விஷயத்தை ஒத்துக்கிச்சு. பேட்டரி தேய்ஞ்ச பழைய ஐபோன்கள் திடீர்னு அணைஞ்சு போகாம இருக்க, சாஃப்ட்வேர் மூலமா வேகத்தைக் குறைச்சிருக்கோம்னு. "போன் பழசாயிடுச்சு"ன்னு நினைச்சு புதுசு வாங்கினவங்க எத்தனை பேர் இருப்பாங்க! எதிர்ப்பு கிளம்பினதும் அமெரிக்காவுல பேட்டரி மாத்துற கட்டணத்தை 79 டாலர்லேர்ந்து 29 டாலரா குறைச்சாங்க. அப்படி மெதுவான போன்கள் பேட்டரி மாத்தினதும் பழைய வேகத்துக்கு வந்துச்சு.

உங்க பேட்டரி உண்மையிலேயே தேய்ஞ்சிருக்கான்னு பார்க்க: ஐபோன்ல செட்டிங்ஸ், பேட்டரி, பேட்டரி ஹெல்த். 80%-க்குக் கீழ இருந்தா மாத்துற நேரம். ஆண்ட்ராய்டுல சில மாடல்கள்ல இந்த விவரம் இருக்கும். இல்லைன்னா இந்த அறிகுறிகள் போதும்: 20%, 25%-ல திடீர்னு அணையுறது, பத்து நிமிஷத்துல 15% இறங்குறது, சும்மா வச்சிருந்தாலே காலைக்குள்ள பாதி காலியாகுறது. பின்பக்க மூடியோ திரையோ மேல தூக்கிக்கிட்டு இருந்தா பேட்டரி உப்பியிருக்குன்னு அர்த்தம். அப்ப கணக்கெல்லாம் வேண்டாம். சார்ஜ் போடுறதை உடனே நிறுத்திட்டு சர்வீஸுக்குக் கொண்டு போங்க.

மாத்தக் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியது:
- முதல்ல போட்டோ, காண்டாக்ட் எல்லாம் பேக்கப் எடுங்க.
- விலையில கூலியும் ஜிஎஸ்டியும் சேர்ந்திருக்கான்னு கேளுங்க. பில் வாங்குங்க. புது பேட்டரிக்கு எத்தனை மாசம் வாரண்டின்னு பில்லுல எழுதச் சொல்லுங்க.
- 300 ரூபாய்க்கு எந்தப் பேட்டரியும் வாங்காதீங்க. லித்தியம் பேட்டரிக்கும் பவர் பேங்குக்கும் இந்தியாவுல பிஐஎஸ் பதிவு கட்டாயம். அந்த முத்திரை இருக்கான்னு பாருங்க.
- போனைத் திறந்தா தண்ணி புகாத தன்மை குறையலாம். அதையும் கேட்டு வச்சுக்குங்க.

எப்ப புது போன் வாங்குறது சரி?

எல்லாருக்கும் "வாங்காதீங்க"ன்னு சொல்ல மாட்டேன். ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு கடன் நிறுவனத்துல வசூல் வேலை பார்க்குற தங்கை ஒருத்தங்க கேட்டாங்க. காலைலேர்ந்து கிராமம் கிராமமா வண்டியில. கம்பெனி ஆப், ஜிபிஎஸ், ரசீது, ஓடிபி எல்லாம் அதே போன்ல. போனுக்கு அஞ்சு வயசு. செக்யூரிட்டி அப்டேட் நின்னு போச்சு, ஒரு பேங்க் ஆப் திறக்கவே மாட்டேங்குது. அவங்ககிட்ட நான் உடனே வாங்கச் சொன்னேன், அதுவும் 6,000 எம்ஏஎச்-க்கு மேல பார்த்து. அவங்களுக்குப் பேட்டரி செத்தா அன்னிக்கு வேலை செத்துது. கூடவே, "போன் வேலைக்குத்தானே பயன்படுது, மாசம் ஏதாவது அலவன்ஸ் உண்டான்னு மேனேஜர்கிட்ட கேளும்மா"ன்னு சொன்னேன். கேட்டா தப்பில்லை.

ஆக, அளவுகோல் இதுதான்: காலைல 6 மணிக்குக் கழட்டின போன் ராத்திரி 10 மணிக்கு 20% மிச்சம் வச்சிருக்கணும். ஆபீஸ் டேபிள்ல பிளக் பாயின்ட் இருக்குறவங்களுக்கு 5,000 எம்ஏஎச் தாராளம். அவங்க பேட்டரிக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். ஷிப்ட்லயோ ஃபீல்டுலயோ சார்ஜ் போட வழி இல்லாதவங்க கேமராவுல சமரசம் பண்ணுங்க, பேட்டரியில வேண்டாம்.

நடுவுல இருக்குறவங்களுக்கு ஒரு பவர் பேங்க் போதும். 10,000 எம்ஏஎச்-னு போட்டிருந்தாலும் போனுக்கு வந்து சேர்றது சுமார் 6,000-தான். மின்னழுத்தம் மாறும்போதும் சூடாகியும் மீதி போயிடும். ஏமாத்து இல்லை, அட்டைப் பெட்டியில 'ரேட்டட் கெபாசிட்டி'ன்னு சின்ன எழுத்துல அதைப் போட்டிருப்பாங்க. வாங்கும்போது அந்த எண்ணைப் பாருங்க. மாதாந்திரப் பராமரிப்புன்னு கரண்ட் நிறுத்துற நாளுக்கும் இது கைகொடுக்கும்.

பேட்டரி காலியானா பர்ஸும் காலி

2016-ல யுபிஐ வந்த பிறகு நம்ம பர்ஸ், டிக்கெட், பேங்க் பாஸ்புக் எல்லாமே ஒரே பேட்டரியில தொங்குது. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூருக்கோ திருச்சிக்கோ வந்துதான் ஏறணும். ராத்திரி ரயிலுக்கு வந்து நிக்கும்போது டிக்கெட் மெசேஜும் போன்ல, ஆட்டோ காசும் போன்ல, வீட்டு நம்பரும் போன்ல. 2% காட்டுது. அந்த நேரத்துல 50,000 ரூபாய் போனா இருந்தாலும் ஒண்ணுதான்.

இதுக்கு ஆகுற செலவு 500 ரூபாய், அதுவும் செலவு இல்லை. போன் கவருக்குப் பின்னாடி ரெண்டு 200, ஒரு 100 மடிச்சு வைங்க. ஒரே 500 நோட்டா வச்சா பஸ்ல சில்லறை கிடைக்காது. ரெண்டு போன் நம்பரை மனப்பாடம் பண்ணுங்க, இல்லைன்னா ஒரு துண்டுச் சீட்டுல எழுதி பர்ஸ்ல வைங்க. உங்க எமர்ஜென்சி ஃபண்டோட முதல் 500 ரூபாய் இதுதான்.

தம்பி என்ன பண்ணினார்?

ஒரு சனிக்கிழமை லீவு போட்டுட்டு திருச்சி போய் பேட்டரி மாத்திட்டார். இப்ப ராத்திரி வீட்டுக்கு வரும்போது 30% இருக்காம். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தேன்: "அந்த 3,000-ஐ இஎம்ஐ கட்டுற மாதிரியே கட்டணும். கடைக்கு இல்ல, ஆர்டி-க்கு." ஒன்பது மாசம் முடிஞ்சா வட்டி இல்லாமலே 27,000. அவரோட ஒரு மாச சம்பளத்தை விடக் கூட. இப்ப அஞ்சாவது தவணை போயிட்டிருக்கு.

"முடிஞ்சதும் போன் வாங்கிக்கலாமாண்ணே?"ன்னு கேட்டார். உங்க காசு, தாராளமா வாங்கிக்குங்கன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்ப வேணுமான்னு தோணுதுண்ணே"ன்னார்.

இந்த வார வீட்டுப்பாடம்

1. உங்க போன் வாங்கின விலையை இதுவரை ஓட்டின மாசத்தால வகுங்க. அதுதான் உங்க போனோட மாச வாடகை.
2. பேட்டரி மாத்த எவ்வளவுன்னு சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்க. வாங்க நினைக்கிற புது போனோட மாசச் செலவால அதை வகுத்துப் பாருங்க.
3. போன் கவர்ல 500 ரூபாய். இன்னிக்கே.

மூணாவதை நான் அரியலூர்லேர்ந்து வந்த அன்னிக்கு ராத்திரியே பண்ணிட்டேன். உங்க கணக்குல எத்தனை மாசம் வந்துச்சுன்னு எழுதுங்க, அடுத்த வீடியோவுல சிலதை எடுத்துப் பார்ப்போம்.